அகலத்துக்கு ஓடும் படகு: கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றுச் சேவை, ஒரு மதிப்பீடு

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றைக் கடக்க ஓடும் பயணிகள் படகுகளை உள்ளூர்க்காரர்கள் லாஞ்ச் என்றே அழைக்கிறார்கள். ஒரு சிறு மண்குவளைத் தேநீரின் விலையை ஒட்டிய கட்டணத்தில், ஹவுரா ரயில் நிலையத்தின் வாசலிலிருந்து எதிர்க்கரையின் அலுவலகத் தெருக்களுக்குப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும் இச்சேவையை, ஆற்றைக் கடக்கும் வசதி என்ற அளவில் மதிப்பிட்டால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இந்த நகரத்தை உண்டாக்கியது ஆற்றின் அகலம் அன்று, அதன் நீளம். கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் கப்பல்களை இழுத்துவந்த அந்த நீளத்தில் சிறிதளவேனும் பயணம் செய்து பார்க்க விரும்புகிறவருக்கு இன்றைய படகுகள் தருவது மிகக் கொஞ்சம். இந்த மதிப்பீட்டின் பாராட்டும் புகாரும் அந்த ஒரே காரணத்தைச் சுற்றியே அமைகின்றன.

முதலில் பாராட்டு. ஹவுரா படகுத்துறை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இரவெல்லாம் ரயிலில் வந்து இறங்கும் ஒருவர், சாலையைக் கடந்து பயணச்சீட்டு எடுத்துவிட்டால், ஹவுரா பாலத்தின் பேருந்து நெரிசலில் சிக்காமல் ஃபேர்லி, பாபுகாட், ஆர்மீனியன் காட் (காட் என்றால் படித்துறை), அகிரிடோலா, பாக்பஜார் என்று எதிர்க்கரையின் ஏதேனும் ஒரு துறையில் இறங்கிக்கொள்ளலாம். படகு நிற்கும் மேடை நிலத்தில் ஊன்றிய கட்டடம் அன்று. நீரில் மிதக்கும் இரும்பு மேடை. கரையிலிருந்து அதற்குச் செல்லும் நடைபாலத்தின் சரிவு நாளின் நேரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கடலோதம் ஏறியிருக்கும்போது அது ஏறக்குறைய சமதளமாகக் கிடக்கும். வற்றியிருக்கும்போது முழங்கால் அறியும் அளவுக்குச் செங்குத்தாகிவிடும். கடல் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தும், அதன் ஏற்ற வற்றம் நாளுக்கு இருமுறை இந்தப் பயணச்சீட்டுச் சாளரம் வரை வந்து போகிறது என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் கால்களே தெரிந்துகொள்கின்றன. ஒரு துறைமுக நகரத்துக்குள் நுழைய இதைவிடப் பொருத்தமான வாசலை நான் அறியேன்.

படகு மிக எளிமையானது. பக்கங்கள் திறந்தவை, மேலே கூரை, ஓரங்களில் இருக்கைகள், நடுவில் நிற்பதற்கு இடம். காலை, மாலை நெரிசல் நேரங்களில் உட்கார இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்நேரத்தில் இது முழுக்க முழுக்க அலுவலகம் செல்வோரின் வாகனம். படகாட்களின் கைத்திறனைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீரோட்டம் கடலை நோக்கி ஓடும்போது ஒரு விதமாகவும், ஓதம் ஏறி நீர் மேல்நோக்கிப் பாயும்போது அதற்கு நேர்மாறாகவும் படகைத் திருப்பி, ஓட்டத்துக்கு எதிர்முகமாகவே மேடையை அணைக்கிறார் சுக்கானி. அதே நொடியில் ஓர் ஆள் வடத்தைக் கட்டுத்தறியில் சுற்றி இறுக்குகிறார். மேடையில் மோதும் அதிர்வு பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பவரின் கையிலுள்ள தேநீரைக்கூடச் சிந்தவிடாது. பயிற்சி பெற்ற கைகளின் இந்த நேர்த்தி, கட்டணத்தோடு ஒப்பிடுகையில் அளவுக்கு மிஞ்சிய மலிவு.

ஹவுராவில் ரயில் நின்றுவிட்டதற்கும் இந்தப் படகுகளுக்கும் உள்ள உறவு பழையது. 1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியபோது ஆற்றின்மேல் பாலமே கிடையாது. பயணிகள் கிழக்குக் கரையின் ஆர்மீனியன் காட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு, படகில் கடந்து, மேற்குக் கரையில் ரயிலேறினார்கள். அதாவது இந்தியாவின் கிழக்குப் பகுதியின் ரயில் பயணம் படகுத்துறையில்தான் தொடங்கியது. 1874-இல் மிதவைகளின்மேல் ஒரு பாலம் போடப்பட்டது; கப்பல்கள் மேலே செல்ல வேண்டியபோது அதன் நடுப்பகுதியை விலக்கிவிடுவார்கள், அதுவரை வண்டிகள் காத்திருக்கும். இன்றுள்ள ஹவுரா பாலம் 1943-இல் திறக்கப்பட்டது. இரு கரைகளில் மட்டும் கால் ஊன்றி, இடையில் 457 மீட்டரை ஒரே தாவலில் கடக்கிறது அது. ஆற்றுக்குள் தூண் நட்டால் நீரோட்டம் தடைப்பட்டு வண்டல் சேரும், வண்டல் சேர்ந்தால் துறைமுகம் பாழாகும் என்ற அச்சம் அந்த வடிவத்துக்குப் பின்னால் இருக்கிறது. பாலத்தின் அழகைப் புகைப்படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அதன்மேல் நின்று எடுக்கிறார்கள். அதன் அடியில் படகில் செல்லும்போதுதான் தூணே இல்லாத அந்த வெற்றிடம் எவ்வளவு அகலம் என்பது புரிகிறது.

ஹவுரா–ஃபேர்லி வழித்தடம் மிகக் குறுகியது, மிகப் பரபரப்பானது. நேரம் இல்லாதவர்களுக்கு இதுவே போதும். ஆனால் ஃபேர்லியில் இறங்கியதும் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. படகுத்துறைக்கும் நகரத்துக்கும் நடுவில் வட்ட ரயிலின் தண்டவாளம் ஓடுகிறது. அதைக் கடந்த பிறகே ஸ்டிராண்டு சாலை வருகிறது. தண்டவாளம், பழைய கிடங்குகளின் நீண்ட சுவர்கள், மூடிய கதவுகள் ஆகியவை ஆற்றை நகரத்திலிருந்து வேலி போட்டதுபோல் பிரிக்கின்றன. இது துறைமுகம் விட்டுச்சென்ற தடம். ஆற்றங்கரை முழுவதும் ஒருகாலத்தில் சரக்கு இறக்கும் இடமாக இருந்தது, உலாவும் இடமாக அல்ல. இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது: கிழக்குக் கரை மேற்கு நோக்கி வளர்ந்திருக்கிறது. முதல் வில்லியம் கோட்டையின் மதிலை ஒட்டி ஒருகாலத்தில் ஆறு ஓடியது. அக்கோட்டை நின்ற இடத்தில்தான் 1868-இல் தலைமை அஞ்சலகம் கட்டப்பட்டது. இன்று அஞ்சலகத்தின் வெள்ளைக் குவிமாடத்திலிருந்து நீர்விளிம்புக்குப் போக நகரத்தின் தெருக்கள் சிலவற்றைத் தாண்ட வேண்டும். படகிலிருந்து இறங்கி நாம் நடக்கும் நிலத்தில் பெரும்பகுதி ஆறு கொண்டுவந்து போட்டது.

பாபுகாட்டுக்குச் செல்லும் படகு சற்றுக் கூடுதலாகத் தெற்கே வரும். இந்தத் துறை 1830-இல், தட்சிணேஸ்வரக் கோயிலைக் கட்டிய ராணி ராஷ்மோனியின் கணவர் ராஜ்சந்திர தாஸ் கட்டியது. அருகிலேயே சந்த்பால் காட். ஆளுநர்களும் நீதிபதிகளும் கப்பலிலிருந்து இறங்கி இந்நகரத்தில் முதன்முதலில் காலடி வைத்த இடம் அதுதான். 1774 அக்டோபரில் பிலிப் பிரான்சிஸும் உடன் வந்த ஆலோசனைக்குழு உறுப்பினர்களும் இங்கே இறங்கியபோது இருபத்தொரு குண்டு மரியாதையை எதிர்பார்த்திருக்க, பதினேழு மட்டுமே முழங்கியதாம். தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸோடு அவர்களுக்கு மூண்ட நீண்ட பகை அந்த எண்ணிக்கையிலேயே தொடங்கிவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சுவையாக எழுதுவார்கள். படகுத்துறை என்பது வெறும் இறங்குமிடமாக இல்லாமல், ஒருவருடைய தகுதியை நகரம் எடைபோடும் இடமாகவும் இருந்தது. சென்னையின் பழைய நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஆறு கப்பலைத் தாங்காது. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மசூலாப் படகில் அலை தாண்டி, நனைந்து, மணலில் இறங்க வேண்டும். பின்னாளில் கடலுக்குள் சுவர் எழுப்பித்தான் அங்கே துறைமுகம் செய்தார்கள். கொல்கத்தாவிலோ ஆறே கப்பலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. இவ்விரு நகரங்களின் குணவேறுபாட்டில் ஒரு பங்கு இதனால் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாபுகாட்டிலிருந்து தெற்கே நடந்தால் பிரின்செப் காட் வரும். 1840-களின் தொடக்கத்தில் எழுந்த அந்த வெண்தூண் மண்டபம் இப்போது நீரை விட்டு விலகி, தண்டவாளத்துக்கு இந்தப்பக்கம், இரண்டாவது ஹூக்ளிப் பாலத்தின் நிழலில் நிற்கிறது. ஜேம்ஸ் பிரின்செப் இந்நகரத்து நாணயச்சாலையில் பணிபுரிந்தவர். 1837-இல் அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர். தமிழ்நாட்டுக் குகைத்தளங்களிலும் பானையோடுகளிலும் உள்ள தமிழிப் பொறிப்புகளைப் படிக்கும் வழியும் அந்தத் திறவுகோலிலிருந்து கிளைத்ததே. எனவே தமிழ்ப் பயணி ஒருவர் இந்த மண்டபத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போவது முறை.

எல்லா வழித்தடங்களிலும் சிறந்தது ஹவுராவிலிருந்து வடக்கே அகிரிடோலா, ஷோபாபஜார் வழியாகப் பாக்பஜார் செல்வதுதான். ஏனெனில் இது மட்டுமே நகரத்துக்குள் ஆற்றைக் குறுக்கே வெட்டாமல், சிறிது தூரமேனும் அதன் போக்கிலேயே செல்கிறது. ஹவுரா பாலத்தின் கீழே, கிழக்குக் கரையில், மல்லிக் காட் பூச்சந்தை முதலில் தெரியும். செண்டுமல்லி மாலைகளின் மஞ்சளும் ஆரஞ்சும் படித்துறை வரை வழிந்திருக்கும், வாடிய பூ ஆற்றில் மிதக்கும். இந்தப் பாலத்தைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு: கடந்து செல்வோர் துப்பிய வெற்றிலை எச்சில் அதன் தொங்குகம்பிகளின் அடிப்பகுதியை அரிக்கத் தொடங்கியதால், அவற்றுக்குக் கண்ணாடியிழை உறை போட நேர்ந்தது. 1943-இல் 26,500 டன் எஃகைக் கொண்டு கட்டியவர்கள் எதிர்பாராத எதிரி அது.

பூச்சந்தைக்கு வடக்கே கிடங்குகள், அவற்றை அடுத்து நீம்தலா சுடுகாட்டின் புகை, அடுத்து ஷோபாபஜார். ஷோபாபஜாரில் இறங்கினால் சில நிமிட நடையில் குமார்டூலி. துர்க்கை சிலைகள் செய்யப்படும் அந்தத் தெருவுக்கு வேண்டிய வைக்கோலும் களிமண்ணும் ஆற்றுவழியே படகில் வந்து சேர்ந்தவை. பூசை முடிந்தபின் சிலைகள் மறுபடி ஆற்றுக்கே போகின்றன. சிலை செய்வோர் ஏன் இங்கே குடியேறினார்கள் என்பதற்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் படித்துறையும் பட்டறையும் அருகருகே உள்ளன. பாக்பஜாரில் படகு நின்றுவிடும். வழித்தடம் முடிந்தது என்று படகாட்கள் அறிவிக்கும்போது, ஆறு அங்கே வளைந்து மேலும் வடக்கே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு இறங்குவது எனக்கு எப்போதும் சிறு எரிச்சலைத் தருகிறது.

அந்த எரிச்சலின் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொல்கத்தா, இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் ஆற்றின்மேல் அமைந்த ஒன்றே ஒன்று. இங்கே வரும் கப்பல், வங்கக் கடலின் விளிம்பில் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு, மணல்திட்டுகளுக்கு நடுவே, ஏறும் ஓதத்தின் கணக்கைப் பார்த்துப் பார்த்து, ஆற்றின் நீளம் முழுவதும் ஊர்ந்து வர வேண்டும். உலகத்தின் மிக நீண்ட வழிகாட்டல் பயணங்களில் இதுவும் ஒன்று. ரூப்நாராயண் ஆறு வந்து சேருமிடத்துக்கு அருகிலுள்ள ஜேம்ஸ் அண்ட் மேரி என்னும் மணல்திட்டு எத்தனையோ கப்பல்களை விழுங்கிய பெயர் பெற்றது. திட்டுகள் ஓரிடத்தில் நிற்பவையும் அல்ல. சென்ற பருவத்தில் ஆழமாக இருந்த இடம் இந்தப் பருவத்தில் தரைதட்டும். அதனால் ஹூக்ளியின் வழிகாட்டி மாலுமிகள் ஒரு தனி இனமாகவே மதிக்கப்பட்டார்கள். நகரத்துக்கு வந்த பிறகும் கப்பல் ஆற்றில் அப்படியே நிற்க இயலாது; வற்றத்தில் தரைதட்டும். ஆகவே 1892-இல் கிதிர்ப்பூரில் மதகுக் கதவுகள் வைத்த கப்பல்துறையைத் தோண்டி, ஏற்றத்தின்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு, மூடி, நீரைச் சிறைப்பிடித்துக்கொண்டார்கள்.

கங்கையின் பெருநீர் காலப்போக்கில் கிழக்கே பத்மா வழியே திரும்பிவிட்டதால் ஹூக்ளியின் நீரோட்டம் மெலிந்து, வண்டலைக் கடலுக்குத் தள்ளும் வலுவை இழந்தது. அந்த வலுவை மீட்பதற்காகவே ஃபராக்கா அணை கட்டப்பட்டு 1975-இல் இயங்கத் தொடங்கியது. நொடிக்கு 40,000 கன அடி நீரைக் கால்வாய் வழியே ஹூக்ளிக்குத் திருப்பிவிடுவது திட்டம். இந்த நீர்ப் பங்கீட்டுக்காக வங்காளதேசத்தோடு 1996-இல் முப்பதாண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் தூர்வாரும் கப்பல்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஆழம் வேண்டிய கப்பல்களுக்காக 1977-இல் கடலுக்கு அருகே ஹால்தியாவில் இன்னொரு துறை திறக்க வேண்டியதாயிற்று.

துறைமுகத்தை உண்டாக்கும் ஆறே அதைத் தூர்க்கவும் செய்யும் என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று தாமிரபரணி கொட்டிய மண்ணுக்குப் பின்னால், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. அதன் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. வங்காளத்திலும் அப்படியே: சப்தகிராமம் பெருந்துறைமுகமாக இருந்து, சரசுவதி ஆறு தூர்ந்ததும் அடங்கியது. போர்த்துக்கீசியர் ஹூக்ளி நகருக்கு வந்தனர். 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் சூதானூட்டியில் இறங்கியபோது, அவர் தேர்ந்தெடுத்தது அந்தக் காலத்தில் ஆழமாக இருந்த ஒரு கரையைத்தான். நகரத்தை நிறுவியவர் என்று அவரைச் சொல்லக்கூடாது என 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது நியாயமே. ஆனால் கப்பலுக்கு வேண்டிய ஆழம் எங்கே என்று அவர் பார்த்த பார்வை இல்லாமல் சூதானூட்டி உள்ளிட்ட மூன்று ஊர்கள் ஒரு மாநகரமாகியிருக்காது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு படகுத்துறையின் வழித்தடப் பலகையைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது. தெற்கே கப்பல்துறைகள், கப்பல் கட்டும் தளங்கள், 1856-இல் நாடிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கித் தன் லக்னோவை மறுபடி கட்டிக்கொண்ட மேட்டியாபுருஜ், அதற்கு எதிர்க்கரையில் 1787-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா என ஆற்றின் மிகச் செறிவான பகுதி இருக்கிறது. 1834 முதல் மொரிஷியஸுக்கும், பின்னர் கயானா, சூரினாம், ஃபிஜி நாடுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறியதும் இப்பகுதியிலிருந்துதான். அவர்களுக்கான நினைவுச்சின்னம் கரையில் இருக்கிறது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் அவ்வாறே அனுப்பப்பட்ட தமிழர்களை எண்ணும் ஒருவர் அதைத் தவறவிட மாட்டார். ஆனால் ஹவுராவில் ஏறி, இவை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும் ஒரு சாதாரணக் கட்டணப் படகு கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் சாலைவழியே போய், அங்கங்கே எதிர்க்கரைக்குக் கடக்க முடியும், அவ்வளவே. பொழுதுபோக்குப் படகுகள் மாலையில் இசையோடு சுற்றிவருகின்றன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆற்றைப் பின்னணித் திரையாக வைத்துக்கொண்டு சாப்பிடும் ஏற்பாடு அது.

நீளவாட்டுப் போக்குவரத்து இங்கே ஒருபோதும் இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1855-இல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தபின் இரு கரைகளிலும் புகைபோக்கிகள் வரிசைகட்டின. கிழக்கு வங்கத்தின் சணல் ஆற்றுவழியே அவற்றுக்கு வந்தது. 1947-இல் வயல்கள் எல்லைக்கு அப்புறமும் ஆலைகள் இப்புறமுமாகப் பிரிந்தன. சுந்தரவனம் சுற்றி அசாம் வரை சென்ற நீராவிக் கப்பல்கள் 1965 போரோடு நின்றன. ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர் ஆறு 1986-இலேயே முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டாலும், அது சரக்குக்கும் சொகுசுப் பயணக் கப்பல்களுக்குமே உரியதாக நிற்கிறது. சாதாரணப் பயணிக்கு மிஞ்சியது அகலம்.

இருந்தும் ஒரு வழி உண்டு. இந்தச் சேவையின் உண்மையான சிறப்பு எனக்கு அதில்தான் தெரிந்தது. மேற்குக் கரையில் ஹவுராவிலிருந்தும் கிழக்குக் கரையில் சியால்தாவிலிருந்தும் இரு புறநகர் ரயில் பாதைகள் ஆற்றுக்கு இணையாக வடக்கே செல்கின்றன. ஊருக்கு ஊர் படகுத்துறைகள் இரண்டையும் ஏணிப்படிபோல் இணைக்கின்றன. ரயிலில் சற்றுத் தூரம், படகில் கடத்தல், மறுகரையில் ரயிலில் சற்றுத் தூரம், மறுபடி படகு என்று தைத்துக்கொண்டே போனால் ஆற்றின் நீளம் ஒருவாறு கைக்கு வரும். பாராக்பூரிலிருந்து ஸ்ரீராம்பூருக்கும், ஜகத்தல் கரையிலிருந்து சந்தன்நகருக்கும், நைஹாட்டியிலிருந்து சின்சுராவுக்கும் கடக்கலாம். புறநகர்த் துறைகளில் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள்தாம் அதிகம். சுற்றுலாப் பயணி என்று எவரும் தனியாகக் கவனிப்பதில்லை.

இந்த மூன்று ஊர்களும் தமிழ்க் கடற்கரையின் மூன்று ஊர்களுக்குச் சகோதரிகள். ஸ்ரீராம்பூர் டென்மார்க்கினரிடம் இருந்தது. தரங்கம்பாடியோடு சேர்த்து ஒரே விற்பனையில் 1845-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே பழுதுபார்க்கப்பட்டு நிற்கும் புனித ஓலாவ் தேவாலயத்தைப் பார்க்கிறவருக்குத் தரங்கம்பாடியின் கடற்கரைத் தெருவை நினைக்காமல் இருக்க முடியாது. சந்தன்நகர் பிரெஞ்சுக்காரருடையது, புதுச்சேரிக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1950-இல், இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. ஆற்றை நோக்கிய அதன் மரநிழல் நடைபாதை, ஆற்றங்கரையை உலாவுவதற்கென்றே ஒதுக்கிய மிகச் சில இடங்களில் ஒன்று. கொல்கத்தாவின் கிடங்குச் சுவர்களுக்குப் பிறகு அது பெரிய ஆறுதல். சின்சுராவை டச்சுக்காரர்கள், பழவேற்காட்டைப் போலவே, 1824 ஒப்பந்தத்தின்படி விட்டுக்கொடுத்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் ஆற்றில் எவ்வளவு மேலே வந்து இடம் பிடித்தன, ஆழம் குறையக் குறைய வணிகம் எப்படிக் கீழ்நோக்கி இறங்கிக் கொல்கத்தாவில் குவிந்தது என்பதை இந்தத் தையற்பயணம் தானாகவே காட்டிவிடுகிறது.

குறைகளுக்கு வருகிறேன். எந்தத் துறையிலிருந்து எங்கே, எத்தனை மணிக்குப் படகு என்பதை ஒருங்கே சொல்லும் நம்பகமான அட்டவணை புதியவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. துறையில் நிற்பவரைக் கேட்பதே வழி, வங்காளமோ இந்தியோ கொஞ்சம் தெரிந்தால் நலம். அரசும் கூட்டுறவும் பிறரும் எனப் பலர் நடத்துவதால் ஒரு சீட்டு இன்னொரு தடத்துக்குப் பயன்படும் என்று எண்ணக்கூடாது. இரவு முதிர்வதற்குள் சேவை நின்றுவிடும். வற்ற நேரத்தின் செங்குத்துச் சரிவு முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் உண்மையான தடை. இதை இயற்கையின் குற்றமென்று தள்ளிவிட முடியாது, நீளமான நடைபாலம் போட்டால் சரிவு தானே குறையும்.

பாதுகாப்பைப் பற்றியும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். இந்த ஆற்றில் சில நாட்களில் ஓதம் ஒரு சுவராக எழும்பி மேல்நோக்கிப் பாய்ந்து வரும். உள்ளூரில் பான் என்பார்கள். அது வரும் நேரத்தில் சிறு படகுகள் கரையில் மோதிச் சிதறாமலிருக்க நடு ஆற்றுக்கு விலகிவிடும். 2017 ஏப்ரலில் தெலினிபாராவில் மூங்கிலால் கட்டிய படகுத்துறை ஓதப் பெருக்கில் இடிந்து பலர் இறந்தார்கள். மூங்கில் துறை எங்கேனும் எதிர்ப்பட்டால், கூட்டம் இறங்கிப்போகும் வரை கரையிலேயே நிற்பது அறிவுடைமை. படகில் உயிர்காப்பு மேலங்கிகள் தொங்குவதைக் காணலாம். அணிந்திருப்பவரைக் காண்பது அரிது.

2024 மார்ச்சில் ஆற்றின் அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியதும் படகுக்கு ஒரு கடினமான போட்டி வந்தது. ஏறத்தாழ 520 மீட்டர் ஆற்றுப்பகுதியை ரயில் முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது; குளிர்சாதனம் உண்டு, ஓதமும் மழையும் அதைத் தடுக்காது. ஹவுராவில் இறங்கி எஸ்பிளனேடுக்கு விரைகிறவர் படகை விட்டு அங்கே போவதைக் குறைகூற இயலாது. ஆழத்தில் இருக்கும் நிலையத்துக்கு இறங்கி ஏறும் நேரத்தைச் சேர்த்தாலும் மெட்ரோவே முந்தும். அகலத்தைக் கடக்கும் வேலையில் படகின் ஏகபோகம் முடிந்துவிட்டது. இதையே வாய்ப்பாகக் கொண்டு, ஃபேர்லிக்கும் பாபுகாட்டுக்கும் ஓடும் படகுகளில் சிலவற்றைப் பாக்பஜாருக்கு வடக்கே பேலூர், தட்சிணேஸ்வரம் வரையிலும், தெற்கே மேட்டியாபுருஜ் வரையிலும் நாளுக்குச் சில முறை சாதாரணக் கட்டணத்தில் நீட்டலாம். பேலூர் மடத்துக்கும் தட்சிணேஸ்வரக் கோயிலுக்கும் இடையே கடக்கும் படகுகளில் விழாநாட்களில் காணும் கூட்டமே அதற்குத் தேவை உண்டு என்பதைக் காட்டுகிறது.

அதுவரை என் பரிந்துரை இது. ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவர் ஹவுரா–பாக்பஜார் படகில் காலையில் ஏறி, ஷோபாபஜாரில் இறங்கிக் குமார்டூலியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஒரு நாள் உள்ளவர் சியால்தாவிலிருந்து பாராக்பூர் சென்று, ஸ்ரீராம்பூருக்குக் கடந்து, ரயிலில் சந்தன்நகர் போய், மாலையில் மறுபடி கிழக்குக் கரைக்குக் கடந்து திரும்பட்டும். அலுவலக நெரிசல் நேரத்தைத் தவிர்க்கவும். சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளவும். மழைக்காலத்தில் திறந்த பக்கங்களின் வழியே சாரல் உள்ளே வரும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கத்தில் நிற்கவும். எந்த வழித்தடமானாலும் ஓதம் எப்போது ஏறும் என்று துறையில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சீட்டு கொடுப்பவருக்கு அது கடிகாரம் பார்க்காமலே தெரியும்.